என்ஜினுக்குக் கைதட்டாதீங்க, பிரேக் எங்கேன்னு கேளுங்க

உங்க போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். காயலான் கடையில வாங்கின பழைய பைக் என்ஜின், வளைச்சு வெல்டு பண்ணின இரும்புக் குழாய், நாலு சக்கரம். கூரை கிடையாது, கதவு கிடையாது. செம்மண் மேட்டுல புழுதியைக் கிளப்பிக்கிட்டுப் பாயும். பின்னாலயே நாலு பையன்க கத்திக்கிட்டு ஓடுவாங்க. "கிராமத்து விஞ்ஞானி", "படிக்காத மேதை", "அரசாங்கம் கண்டுக்குமா?" அப்படின்னு கீழ எழுதியிருக்கும். நீங்களும் ஒரு கைதட்டலைப் போட்டுட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பியிருப்பீங்க.

அந்தக் கைதட்டலைப் பத்தித்தான் இன்னைக்கு எழுதப்போறேன். கொஞ்சம் காரமாவே இருக்கும். பொறுத்துக்கிடுங்க.

இங்கிலீஷ்ல அதுக்கு டூன் பக்கின்னு பேராம். மணல்மேட்டு வண்டி. எங்க ஊர்ல பக்கின்னு சொன்னா அர்த்தமே வேற, அதனால பையன்க "தேரி வண்டி"ங்கிறாங்க. நல்ல பேரு, நானும் அப்படியே சொல்லுதேன்.

தேரின்னா என்னன்னு பட்டணத்து ஆட்களுக்குச் சொல்லணும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கடலை ஒட்டின ஊர்கள்ல செக்கச்செவேல்னு மணல்மேடு மேடா கிடக்கும். இரும்புச்சத்து ஏறினதால வந்த சிவப்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துக் குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளம் தேரியும் சினிமாவுல பாத்திருப்பீங்க. காத்து குமிச்ச மணல் அது. ஆடிக் காத்துல இன்னைக்கும் நகரும். பனை, உடை, முந்திரின்னு நட்டு நட்டுத்தான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த மணல் ஓரத்துலதான் எனக்கு முருங்கையும் கொஞ்சம் பனையும்.

இந்த மண்ணுல வண்டி ஓட்டுறது எவ்வளவு கஷ்டம்னு ஒருநாள் இருந்து பாத்தாத்தான் தெரியும். பைக் பாதி டயர் வரைக்கும் புதையும். புது முருங்கைக் கன்னுக்கும் பனங்கன்னுக்கும் கோடையில தண்ணி குடம் குடமா போகணும். டிராக்டரை மணிக்கணக்குக்கு வாடகை பிடிச்சா கன்னு விலையை விட வாடகை கூட ஆயிரும். மரத்துக்கு நடுவுல அது நுழையவும் நுழையாது. நாலு அகலமான டயர், ரெண்டு டிரம் தண்ணி, ஒரு ஆள். அதைச் சுமந்துக்கிட்டு மணல்ல போற சின்ன வண்டி எங்களுக்கு வேணும். கடையில போய்க் கேட்டா நம்ம விலைக்கு அப்படி ஒண்ணு இல்லை. அதனாலதான் பட்டறையில பிறக்குது. இது வெளையாட்டு இல்லைங்கிறதை மொதல்ல சொல்லிக்கிடுதேன்.

எங்க ஊர் வெல்டிங் பட்டறைத் தம்பி ஒரு வண்டி செஞ்சான். 100 சி.சி. பைக் என்ஜின். நான் போய்ப் பாத்தேன். "அண்ணாச்சி, ஓடுதுல்லா? பொறவு என்ன?" அப்படின்னான். "ஓடுது தம்பி. நிக்குமா?"ன்னு கேட்டேன். சிரிச்சான். அந்தச் சிரிப்புக்குள்ளதான் மொத்த விசயமும் இருக்கு.

கைதட்டுற நீங்க எல்லாரும் பாக்கிறது என்ஜினை. "பழைய என்ஜினை ஓட வச்சுட்டானே!" ஆனா இந்த வண்டியில ரொம்பச் சுலபமான சாமான் என்ஜின்தான். அதைச் செஞ்சவன் இவன் இல்லை, எவனோ ஒரு கம்பெனிக்காரன் வருசக்கணக்கா சோதிச்சுச் செஞ்சு கொடுத்தது. பெட்ரோலும் கரண்டும் கொடுத்தா அது ஓடித்தான் ஆகணும். இவன் கையால செய்யிறது பிரேக்கு, ஸ்டீயரிங், ஆக்சில், ஆளைச் சுத்தின கூண்டு. உசுரு தொங்கறது அந்த நாலுலதான். அதைப் பத்தி வீடியோவுல ஒரு நொடி கிடையாது, உங்க கேள்வியிலயும் கிடையாது.

என்ஜின்லயே தொடங்குவோம். ஸ்பிளெண்டர் மாதிரி பைக்ல 97.2 சி.சி., 7, 8 குதிரைத்திறன். பைக்கோட எடை சுமார் 110 கிலோ. அந்த என்ஜினைத் தூக்கி, குழாயும் டயருமா 250 கிலோ வர்ற வண்டியில வச்சு, மேல ரெண்டு ஆளை ஏத்தி, மணல்ல இழுக்கச் சொன்னா என்ன ஆகும்? முதல் கியர்லயே முக்கும். பைக் என்ஜினுக்குக் காத்துதான் குளிர்ச்சி. ஓட்டத்துல எதிர்காத்து வந்து சிலிண்டர் மேல இருக்கிற செதில்ல படும்னு நம்பிச் செஞ்சது. சீட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சு, 10 கிலோமீட்டர் வேகத்துல முழு ஆக்சிலேட்டர் கொடுத்தா அந்தக் காத்து எங்கே? உள்ள இருக்கிறது ஒரு லிட்டர் ஆயில். அது தண்ணியா உருகி, பிஸ்டன் பிடிச்சு, நடுத்தேரியில நின்னுரும். தேரி மணல் பொடிமணல் வேற. ஏர் ஃபில்டரைத் தரைக்குப் பக்கத்துல விட்டா ஒரு சீசன்ல பிஸ்டன் ரிங்கைத் தின்னுரும்.

பைக்குக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, அதை மறந்துராதீங்க. மணல்மேட்டுல முக்கால்வாசி ஏறி வண்டி திணறினா, பைக்னா இறங்கித் திருப்பிக்கிடலாம். 250 கிலோ வண்டியை என்ன செய்வீங்க?

பின் சக்கரம் ரெண்டையும் ஒரே ஆக்சில்ல வெல்டு வச்சு, நடுவுல செயின் போட்டு ஓட்டுறது வழக்கம். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடத் தூரம் ஓடணும், உள்பக்கம் குறைய. அதுக்குத்தான் காருக்கு டிஃபரன்ஷியல், மெக்கானிக் கடையில கிரவுனும்பாங்க. மணல்ல சக்கரம் வழுக்கிச் சமாளிச்சுக்கிடும். கெட்டித் தரைக்கு வந்து திருப்பினா வண்டி நேராவே போகப் பாக்கும், இல்லாட்டி ஆக்சில் முறுக்கும். வேலி இருக்கிற பக்கம் நீங்க திருப்ப, வண்டி வேலியைப் பாக்கப் போகும்.

பிரேக்கு நிறைய வண்டியில ஒண்ணே ஒண்ணுதான். பழைய பைக்கோட பின் டிரம் பிரேக்கை அந்த ஆக்சில்ல மாட்டிருவாங்க. முன்சக்கரத்துக்கு ஒண்ணுமில்லை. பிரேக் பிடிச்சா எடை முன்னால சாயுது, பின்சக்கரம் லேசாகுது, இருக்கிற ஒத்தைப் பிரேக்கும் வழுக்குது. 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினா, நிறுத்த வேண்டிய சக்தி ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. வீடியோவுல வேகம் தெரியும், இது தெரியாது.

போன ஆடியில பக்கத்து ஊர்ல நடந்ததைச் சொல்லுதேன். இதே மாதிரி வண்டி. மேட்டுல ஏறும்போது என்ஜின் அமந்துருச்சு. கிளட்சைப் பிடிச்சதும் பின்னால உருள ஆரம்பிச்சிருக்கு. ஒத்தைப் பிரேக் பிடிக்கலை. பையன் பயந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப, வண்டி பக்கவாட்டுல கவுந்துருச்சு. கூண்டு இருந்தது, பெல்ட்டு இல்லை. கையை வெளிய ஊனியிருக்கான், முன்கை முறிஞ்சுது, தோள்பட்டை எலும்பும் போச்சு. 19 வயசு. அவன் அம்மா பனையோலைப் பெட்டி முடையிற பொம்பளை. ஆறு மாசத்துக்கு அந்தப் பையன் ஒரு வேலையும் செய்ய முடியலை. அன்னைக்கு அங்க மூணு பேர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேட்டுல ஏறுற வரைக்கும் உள்ள துண்டுதான் ஊரெல்லாம் சுத்துச்சு. உருண்டதை எவனும் அனுப்பலை. நீங்க கைதட்டினது அந்த முதல் பாதிக்கு.

"அமெரிக்காவுல எல்லாம் வீட்டுலயே செய்யிறாங்களே"ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார். செய்யிறாங்க, சரிதான். எப்படின்னு பாருங்க. கலிஃபோர்னியாவுல படகு செய்யிற புரூஸ் மேயர்ஸ்ங்கிறவர் 1964-ல மேயர்ஸ் மாங்ஸ்னு ஒரு வண்டி செஞ்சார். டூன் பக்கிங்கிற பேரை உலகத்துக்கே பிரபலமாக்கினது அதுதான். 1967-ல மெக்சிகோவோட பாஜா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிசத்துல கடந்து, பைக்காரங்க வச்சிருந்த நேரத்தை முறியடிச்சார். அந்த மாங்ஸுக்கு அடியில இருந்தது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார். என்ஜினோட கியர் பெட்டி, ரிவர்ஸ், டிஃபரன்ஷியல், நாலு சக்கரத்துக்கும் பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே காரோடது. பீட்டில் என்ஜினும் காத்துல குளிர்றதுதான். ஆனா எதிர்காத்தை நம்பாம, பெல்ட்டுல சுத்துற ஃபேனை உள்ளயே வச்சுருந்தாங்க. மேயர்ஸ் மேல ஃபைபர் உடம்பை மாட்டினார். பைக் என்ஜினைக் குழாய்க்கு நடுவுல கட்டித் தொங்க விட்டதுக்கும் இதுக்கும் ரொம்ப தூரம்.

நம்ம நாட்டுலயும் ஒரு உதாரணம் இருக்கு. பாஜா எஸ்.ஏ.இ. இந்தியான்னு 2007-லேர்ந்து இன்ஜினியரிங் காலேஜ் பையன்களுக்கு ஒரு போட்டி நடக்குது, மத்தியப் பிரதேசத்துல பீத்தாம்பூர்ல. மாணவர்களே ஒத்தை ஆள் வண்டியைச் செஞ்சு ஓட்டணும். அதுல ரொம்ப வருசமா எல்லா அணிக்கும் ஒரே மாதிரி 10 குதிரைத்திறன் என்ஜின்தான். அப்ப போட்டி எதுல? மீதி எல்லாத்துலயும். கூண்டுக் குழாய் என்ன இரும்பு, எவ்வளவு கனம்னு விதி இருக்கு. 1 அங்குலக் குழாய்னா சுமார் 3 மில்லிமீட்டர் கனம். ஆளைச் சீட்டோட கட்டுற பெல்ட்டு உண்டு. பிரேக் அடிச்சா நாலு சக்கரமும் பூட்டணும். பூட்டலைன்னா அந்த வண்டி களத்துக்கே போகாது. காலேஜுக்காரன் பையனுக்கு இவ்வளவு விதி, எங்க ஊர்ப் பையனுக்கு உங்க கைதட்டல் மட்டுமா?

உங்க பாராட்டுல எனக்கு இருக்கிற கோபம் இதுதான். உங்க வீட்டுப் பையன் 12 வயசுல பிரேக் இல்லாத வண்டியில ஏறினா காதைத் திருகி இறக்கி விடுவீங்க. எங்க பையன் ஏறினா "திறமை"ங்கிறீங்க. எங்க உசுருக்கு விலை குறைச்சல்னு உங்க மனசுல எங்கயோ இருக்கு. இல்லைன்னு சொல்லாதீங்க.

அதே கோபம் எனக்கு இன்னொரு கூட்டத்து மேலயும் உண்டு. "இதெல்லாம் சட்டவிரோதம், பிடிச்சு உள்ள போடணும்"னு ஒரே வரியில முடிக்கிறவங்க. சட்டம் அப்படி ஒரே வரியில இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல மோட்டார் வாகனம்னா எதுன்னு சொல்ற இடத்துல, தொழிற்சாலைக்குள்ளயோ வேற அடைப்புள்ள வளாகத்துக்குள்ளயோ மட்டும் ஓடுற தனி வகை வண்டியைக் கணக்குல சேர்க்கலை. வேலிக்குள்ள தண்ணி சுமக்கிற வண்டிக்கும் ரோட்டுல பறக்கிற வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. ரோட்டுக்கு வந்துட்டா பேச்சே வேற. வடக்க டீசல் பம்ப் என்ஜினை வச்சு ஓட்டுற ஜுகாட் வண்டியும் மோட்டார் வாகனம்தான், சட்டத்துக்கு உட்பட்டதுதான்னு உச்ச நீதிமன்றம் 2013-ல சொல்லிருச்சு. அது சரியான தீர்ப்பு. ஏன்னா பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அது இடிச்சுக் கால் போறவன் யாரு? சைக்கிள்ல கருப்பட்டி கொண்டு போற எங்க ஊர்க்காரன்தான். நஷ்டஈடு யாருகிட்ட கேப்பான்? வெல்டிங் பட்டறைத் தம்பிகிட்டயா? அவனே கடன்ல இருக்கான்.

வயலுக்குப் பைக்கை மாத்தி அமைச்சு நல்லபடியா ஜெயிச்சவங்களும் உண்டு. குஜராத் அம்ரேலி மாவட்டத்து மன்சுக்பாய் ஜகானி, வறட்சியில மாடு வச்சு உழ முடியாத காலத்துல, 1994-ல டீசல் புல்லட்டோட பின்சக்கரத்தைக் கழட்டி, ரெண்டு சக்கரமும் கலப்பையும் உள்ள ஒரு அமைப்பை மாட்டினார். உழவு முடிஞ்சா கழட்டிட்டு மறுபடி பைக். இந்தியாவுலயும் அமெரிக்காவுலயும் காப்புரிமை வாங்கினார். அவர் வண்டி வரப்புக்குள்ள மெதுவா போற வண்டி, உழவுக்குன்னே செஞ்சது. தேவையும் வேகமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தினா பழைய என்ஜின் சாமி மாதிரி. பொருந்தலைன்னா எமன்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. வீடியோவைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, தேரியில இதை வச்சு டூரிஸ்ட் ரைடு விடலாமே, ஆளுக்கு 500 ரூபா வாங்கலாமே"ன்னு போன் பண்றவங்க. அவங்களுக்கு ஒரே பதில். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அது உங்களுக்குச் சிவப்புப் பாலைவனம், எங்களுக்கு ஊரைக் காக்கிற கரை. உடை மரத்து வேரும் புல்லும் பிடிச்சு வச்சிருக்கிற மணல் மேல அகல டயரை நாலு தடவை உருட்டுங்க, அந்தத் தடத்துல புல்லு போயிரும். அடுத்த ஆடிக் காத்துல அந்த இடத்துலேர்ந்துதான் மணல் கிளம்பும், கீழ இருக்கிற முருங்கைத் தோட்டத்துல வந்து இறங்கும். உங்க ஒருநாள் குஷிக்கு என் கன்னு புதையணுமா? தேரி வண்டி தோட்டத்து வேலைக்கு, சொந்த வேலிக்குள்ள. அதுக்கு வெளிய நானே எதிர்ப்பேன்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" நியாயமான கேள்வி. பட்டறைத் தம்பிக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுதேன்.

பைக் என்ஜின் மேல ஆசையை விட்டுட்டு, பழைய ஆட்டோ என்ஜின் தேடச் சொன்னேன். பின்னால என்ஜின் உள்ள ஆட்டோவுல ஃபேன் வச்ச குளிர்ச்சி, 4 கியர், ரிவர்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே கட்டா வரும். பைக் என்ஜினால வர்ற முக்கால்வாசித் தலைவலி அங்கயே தீரும். எது வாங்கினாலும் ஆர்.சி. நகலோட வாங்கணும், என்ஜின் நம்பரை ஒத்துப் பாக்கணும். காகிதம் இல்லாம மலிவா வர்ற என்ஜின் எவன் வீட்டு வாசல்லயோ திருடினதா இருக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கம்பியை வளைச்சு நட்டு போடக்கூடாது. பழைய மாருதி 800-ல கழட்டின ஸ்டீயரிங், பால் ஜாயிண்டோட கிடைக்கும். முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக், பின்சக்கரத்துக்குத் தனிப் பிரேக், சரிவுல நிறுத்திப் போட ஒரு ஹேண்ட் பிரேக். கூண்டுக்குத் தண்ணிக்குழாய் ஜி.ஐ. பைப் வேண்டாம். மேல இருக்கிற துத்தநாகப் பூச்சு வெல்டைக் கெடுக்கும், அந்தப் புகை வெல்டு பண்றவனுக்குக் காய்ச்சலைக் கொடுக்கும். கூண்டு போட்டா பெல்ட்டும் போடணும். பெல்ட்டு இல்லாத கூண்டு, கவுந்தா ஆளை அடிக்கிற இரும்பு. செயின் இருந்தா தகடு போட்டு மூடணும், வேட்டியும் சேலையும் கட்டுற ஊர் இது. பெட்ரோல் டேங்க் சைலன்சருக்கு மேல தொங்கக்கூடாது. ஆக்சிலேட்டர் சிக்கிக்கிட்டா அணைக்க, கைக்கு எட்டுற தூரத்துல ஒரு சிவப்பு சுவிட்சு. 50 ரூபா, 100 ரூபா சாமான் அது.

தம்பி கேட்டுக்கிட்டான். ஆனா ஒண்ணு சொன்னான். "அண்ணாச்சி, இதெல்லாம் போட்டா வண்டி மெதுவா போகும். வீடியோவுக்கு எவனும் லைக் போட மாட்டான்." அவனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. அவன் பட்டறைக்கு ஆள் வர்றதே அந்த வீடியோவைப் பாத்துத்தான்.

கேள்வி உங்ககிட்ட வர்றது அதனாலதான். அடுத்த தடவை அப்படி ஒரு வீடியோ வந்தா, அனுப்பறதுக்கு முந்தி கீழ மூணே கேள்வி எழுதுங்க. பிரேக் எத்தனை சக்கரத்துல? பெல்ட்டு எங்க? ரிவர்ஸ் இருக்கா? நூறு பேர் கேட்டா, அடுத்த வீடியோவுல அவன் பிரேக்கைக் காட்டுவான். கைதட்டினா வேகத்தைத்தான் காட்டுவான். இந்தப் பையன்க உங்க வாயைப் பாத்துத்தான் வண்டி செய்யிறாங்க.

"அரசாங்கம் கண்டுக்குமா"ன்னு எழுதற கையால இன்னொண்ணும் எழுதுங்க. பொன்னாடையும் கேடயமும் வேண்டாம். ஐ.டி.ஐ.யில சாயங்காலம் ரெண்டு மணி நேரம் அந்தக் கூண்டு வெல்டைச் சோதிச்சுக் கொடுக்க ஒரு வாத்தியார் போதும். வேளாண் பொறியியல் துறை, மணல் காட்டுக்குன்னு ஒரு சின்ன வண்டியோட வரைபடத்தைத் தமிழ்ல போட்டுப் பட்டறைப் பட்டறையா கொடுத்தா போதும். இது பெரிய செலவு இல்லை. கேக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்க பையன்களுக்குக் கை வேலை தெரியும். அதை நீங்க சொல்லித்தான் தெரியணும்னு இல்லை. அவங்களை மேதைன்னு சொல்லவேண்டாம், குற்றவாளின்னும் சொல்லவேண்டாம். தொழில் தெரிஞ்ச ஆளுகிட்ட கேக்கிற மாதிரி கேளுங்க: "தம்பி, வண்டி ஜோர். நிப்பாட்டிக் காட்டு பாப்போம்."